ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்டா, இரண்டு நடுத்தர கார்டா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். வீட்டிலிருந்தபடியே சிறு கம்பெனிகளுக்கு பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் விளம்பர அனிமேஷன் செய்து கொடுக்கிறீர்கள். ராத்திரி கொஞ்ச நேரம் 1440பி மானிட்டரில் கேம் விளையாடுகிறீர்கள். சொந்த கம்ப்யூட்டரிலேயே சாட்ஜிபிடி மாதிரியான மொழி மாடல் ஓட்டிப் பார்க்கவும் ஆசை இருக்கிறது. கையில் உள்ள பணத்துக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ ஒன்று வரும், இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் போட்டு 5060 டிஐ 16 ஜிபி இரண்டு வாங்கலாம். இரண்டு வாங்கினால் மெமரி 32 ஜிபி ஆகிவிடுமே, அப்புறம் ஏன் எல்லாரும் ஒரே கார்டை வாங்கச் சொல்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். பார்த்தால் விலைக் கணக்கு மாதிரி இருக்கிறது. உண்மையில் நீங்கள் கேட்பது, உங்கள் வேலையை இரண்டு கார்டுக்குப் பங்கு போட்டுக் கொடுக்க முடியுமா என்பதுதான்.

நான் பதினைந்து வருடத்துக்கு மேலாக ரெண்டர் (3டி காட்சியைப் படமாக மாற்றுவது) செய்பவர்களுக்கும் வீடியோ எடிட் செய்பவர்களுக்கும் மெஷின் அசெம்பிள் செய்து கொடுப்பவன். ரெண்டர் விஷயத்தில் நான் சொல்வது கையால் செய்து பார்த்தது. மொழி மாடல் விஷயத்தில் வீட்டு அளவில் ஓட்டிப் பழகியிருக்கிறேன். பெரிய அளவில் மாடல் டிரெயினிங் செய்வது என் தொழில் இல்லை, அதனால் அதைத் தொட்டுவிட்டு மட்டும் போகிறேன்.

நீங்கள் சொன்ன ஜோடி இந்தக் கேள்விக்கு அச்சாகப் பொருந்துகிறது. 2025 பிப்ரவரியில் வந்த 5070 டிஐயில் 8960 கூடா கோர் (கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்), மெமரி வேகம் நொடிக்கு 896 ஜிபி, மின்சாரம் 300 வாட். அதே வருடம் ஏப்ரலில் வந்த 5060 டிஐயில் 4608 கோர், நொடிக்கு 448 ஜிபி, 180 வாட். இரண்டிலும் 16 ஜிபி மெமரி. அறிமுக விலை 749 டாலர், 429 டாலர். நம் ஊர்க் கடை விலை வாரத்துக்கு வாரம் மாறும், அதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். சின்ன கார்டு இரண்டைக் கூட்டினால் 9216 கோர், அதாவது பெரியதைவிட ஒரு பிடி கூடுதல். மெமரி வேகம் சரியாகப் பாதி, பாதி. பேப்பரில் பெரிய கார்டை நடுவில் வெட்டி, ஒவ்வொரு பாதிக்கும் முழு 16 ஜிபியைக் கொடுத்த மாதிரி இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு ஆசை வருகிறது, எனக்கும் இந்தக் கணக்கைப் பார்த்ததும் வந்தது.

தறி ஓடும் ஊர்க்காரர்களுக்கு இதை லேசாகச் சொல்லிவிடலாம். இரண்டு தறி இருந்தால் ஒரே நாளில் இரண்டு புடவை நெய்யலாம், ஆனால் ஒரு புடவையை இரண்டு தறியில் ஏற்றி பாதி நேரத்தில் முடிக்க முடியாது. கேம் என்பது ஒரே புடவை. ஒரு ஃபிரேம் முடிந்து அடுத்தது, அது முடிந்து அதற்கடுத்தது, எல்லாம் ஒரே பாவில் ஓட வேண்டும். ரெண்டர் என்பது ஆயிரம் புடவைக்கு ஆர்டர் வந்த மாதிரி. மொழி மாடல் இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

கேமில் இரண்டு கார்டு ஒரு காலத்தில் நிஜமாகவே நடந்த விஷயம். 1998இல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ2 கார்டு இரண்டை ஒரு சின்ன கேபிளால் இணைத்தால் ஒன்று ஒற்றைப்படை வரிகளையும் மற்றது இரட்டைப்படை வரிகளையும் வரைந்தது, அதற்குத்தான் எஸ்எல்ஐ என்று பெயர் வந்தது. பிற்பாடு அந்தக் கம்பெனியின் சொத்தை வாங்கிய என்விடியா 2004இல் அதே பெயரை வேறு தொழில்நுட்பத்துக்கு வைத்துக் கொண்டுவந்தது, அடுத்த வருடம் ஏடிஐ கிராஸ்ஃபயர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பெரும்பாலும் நடந்தது இதுதான்: முதல் ஃபிரேமை ஒரு கார்டும் அடுத்த ஃபிரேமை இன்னொரு கார்டும் மாறி மாறி வரையும். இரண்டு கார்டும் ஒரே டெக்ஸ்சரை, ஒரே மாடலைத் தனித்தனியாகத் தன் மெமரியில் வைத்திருக்க வேண்டும், அதனால் கேமைப் பொறுத்தவரை இரண்டு 16 ஜிபி அன்றைக்கும் 16 ஜிபிதான்.

நானும் அந்தக் காலத்தில் இரண்டு நடுத்தர கார்டு போட்டு விளையாடியவன்தான். மூலையில் இருக்கும் எண் 60 என்று காட்டும், கண்ணுக்கோ 40க்கும் கீழே ஓடுவது மாதிரி உறுத்தும். காரணம் புரிய எனக்குப் பல மாதம் ஆனது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் 16.7 மில்லி செகண்டுக்கு ஒன்று சீராக வர வேண்டும். இரண்டு கார்டும் தாளம் தப்பினால் ஒன்று 8 மில்லி செகண்டிலும் அடுத்தது 25 மில்லி செகண்டிலும் வரும், சராசரி என்னவோ அதே 60தான், ஆனால் கண் அந்த 25ஐத்தான் பார்க்கிறது. மைக்ரோ ஸ்டட்டர் என்று சொல்வது இதைத்தான். ஃபிரேம் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று ரிவ்யூ செய்பவர்கள் அளக்க ஆரம்பித்த பிறகுதான் இது வெட்டவெளிச்சமானது.

அதன்பிறகு கேம் எழுதும் முறையே மாறிப்போனது. இப்போதைய கேம்கள் விளிம்புகளை மென்மையாக்கவும், குறைந்த ரெசல்யூஷனைப் பெரிதாக்கவும் முந்தைய ஃபிரேமின் தகவலை எடுத்துக்கொள்கின்றன. மாறி மாறி வரையும் முறையில் முந்தைய ஃபிரேம் பக்கத்து கார்டில் இருக்கும், அதை ஒவ்வொரு முறையும் இழுத்து வர வேண்டும் என்றால் கிடைத்த லாபம் அதிலேயே போய்விடும். 2015இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12 இந்தப் பொறுப்பை கேம் எழுதுபவர் கையிலேயே கொடுத்தது, ஆஷஸ் ஆஃப் த சிங்குலாரிட்டி மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய கேம்கள்தான் அதற்காக மெனக்கெட்டன. 30 வரிசையில் 3090, 3090 டிஐ கார்டுகளுக்கு மட்டும் இணைக்கும் வசதி இருந்தது, பழைய கார்டுகளுக்குப் புது எஸ்எல்ஐ புரொஃபைல் (ஒவ்வொரு கேமுக்கும் வேண்டிய அமைப்பு) போடுவதை 2021 ஜனவரி 1 முதல் என்விடியா நிறுத்திவிட்டது, 40 வரிசையில் அந்த இணைப்பு முனையே கிடையாது. நீங்கள் பார்க்கும் 50 வரிசையிலும் இல்லை. லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற மென்பொருள் இரண்டாவது கார்டை வைத்து இடைச்செருகல் ஃபிரேம் உருவாக்கும், அதைப் பிடித்துப்போய்ப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது செருகும் படங்களை கேம் வரையவில்லை. ஆக கேமில் சந்தேகமே வேண்டாம். இரண்டு 5060 டிஐ வாங்கினால் நீங்கள் ஒரு 5060 டிஐயில் விளையாடுவீர்கள், மற்றது சும்மா உட்கார்ந்திருக்கும்.

சரி, உங்களுக்குச் சோறு போடும் வேலைக்கு வருவோம். பிளெண்டரில் சைக்கிள்ஸ், ஈவீ என்று முக்கியமாக இரண்டு ரெண்டர் எஞ்சின்கள் உண்டு. சைக்கிள்ஸில் ரெண்டர் செய்வதாக இருந்தால் இரண்டு கார்டு நன்றாகவே வேலை செய்யும். ஒரு புள்ளியின் நிறத்தைக் கணக்கிட பக்கத்துப் புள்ளியைக் கேட்க வேண்டியதில்லை என்பதால் படத்தைப் பங்கு போட்டு ஆளுக்கொரு பகுதி என்று கொடுத்துவிடலாம். ஒரே ஃபிரேமை இரண்டு கார்டுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது மட்டும் முழுசாக இரண்டு மடங்கு கிடைக்காது, ஏனென்றால் காட்சியைத் தயார் செய்வது, கார்டுக்கு அனுப்புவது, கடைசியில் டீநாய்ஸ் செய்வது (படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்குவது) இதெல்லாம் பாதியாகக் குறைவதில்லை. ஒரு ஃபிரேமுக்கு 10 நிமிடம் ஆகும் காட்சியில் இது தெரியவே தெரியாது, ஒரு ஃபிரேமுக்கு 8 நொடி ஆகும் காட்சியில் நன்றாகவே தெரியும். உங்களுடையது அனிமேஷன் என்பதால் இதற்கு நான் வழக்கமாகச் செய்யும் வழி ஒன்று இருக்கிறது. பிளெண்டரை இரண்டு முறை திறந்து, ஒன்றுக்கு முதல் கார்டு, இன்னொன்றுக்கு இரண்டாவது கார்டு என்று ஒதுக்கிவிட்டு, அவுட்புட்டில் ஓவர்ரைட்டை எடுத்துவிட்டு பிளேஸ்ஹோல்டரை டிக் செய்து, இரண்டையும் ஒரே ஃபோல்டருக்கு ஓட விடுங்கள். ஒருவர் எடுத்த ஃபிரேமை மற்றவர் தொடமாட்டார், இரண்டும் தன்பாட்டுக்கு முடித்துக்கொண்டே போகும். சாதாரண ராம் மட்டும் இரண்டு பங்கு வேண்டும், 64 ஜிபி இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

ஆனால் இங்கேதான் உங்கள் 32 ஜிபி கணக்கு தவறுகிறது. காட்சியை இரண்டு கார்டும் முழுசாகத் தன் மெமரியில் ஏற்றிக்கொள்ளும், அதனால் 20 ஜிபி பிடிக்கும் காட்சி இரண்டு கார்டிலுமே அடங்காது, மிச்சத்தை சாதாரண ராமில் வைத்துக்கொண்டு தத்தித் தத்தி ஓடும். அந்த விஷயத்தில் ஒற்றை 5070 டிஐக்கும் அதே 16 ஜிபிதான், ஆகவே இங்கே யாருக்கும் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இன்னொன்று, ஈவீ ஒரே ஒரு கார்டைத்தான் பயன்படுத்தும். விளம்பர வேலையில் அவசரத்துக்கு ஈவீயில் முடித்துக் கொடுப்பவர்கள் நிறையப் பேர், நீங்களும் அப்படிச் செய்பவர் என்றால் இரண்டாவது கார்டு உங்களுக்குப் பயன்படும் நேரம் பாதியாகிவிடும். நீங்கள் எதில் ரெண்டர் செய்கிறீர்கள் என்று எழுதவில்லை, அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் கடைசி வார்த்தை சொல்ல முடியாது.

மொழி மாடலில்தான் 32 ஜிபி என்பது நிஜமாகவே 32 ஜிபி. மாடல் என்பது அடுக்கடுக்காக இருக்கிறது, முதல் பாதி அடுக்கை ஒரு கார்டிலும் மறு பாதியை இன்னொன்றிலும் வைத்துவிடலாம், மாடலை ஓட்டும் மென்பொருள்களான லாமா.சிபிபி, ஒல்லாமா இரண்டும் இதைத் தானாகவே செய்யும். கார்டுகளுக்கு நடுவே கைமாறும் தகவல் ரொம்பக் குறைவு என்பதால் மெதுவான ஸ்லாட்டில்கூட ஓடும். ஆனால் வேகம் அதிகரிக்காது, இது பலருக்குத் தெரியாமல் ஏமாறும் இடம். ஒரு டோக்கன் (மாடல் ஒரு நேரத்தில் உருவாக்கும் சொல் துண்டு) முதல் கார்டைக் கடந்து முடித்த பிறகுதான் இரண்டாவது கார்டுக்குப் போகும், ஒன்று ஓடும்போது மற்றது காத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு டோக்கனுக்கும் முழு மாடலையும் மெமரியிலிருந்து ஒருமுறை படிக்க வேண்டியிருப்பதால், மெமரி வேகத்தை மாடலின் அளவால் வகுத்தால் அதிகபட்ச வேகம் தோராயமாகக் கிடைத்துவிடும்.

போட்டுப் பார்ப்போம். 9 ஜிபி உள்ள மாடல் என்றால் 5070 டிஐயில் நொடிக்கு 100 டோக்கன் வரை, 5060 டிஐயில் ஒன்று இருந்தாலும் இரண்டு இருந்தாலும் 50 வரை. 20 ஜிபி மாடல், அதாவது சுமார் 32 பில்லியன் எண்கள் (பாராமீட்டர்) உள்ளதை, ஒவ்வொரு எண்ணையும் 4 பிட்டுக்குச் சுருக்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு 5060 டிஐயில் அது முழுசாக அடங்கும், நொடிக்கு 22 வரை வரும். 5070 டிஐயில் 14 ஜிபி ஏறும், 6 ஜிபி வெளியே சாதாரண ராமில் நிற்கும். டிடிஆர்5 5600 ராம் இரண்டு குச்சி போட்டால் நொடிக்கு 90 ஜிபிதான், அந்த 6 ஜிபியைப் படிக்கவே 67 மில்லி செகண்ட் போய்விடும், மொத்தத்தில் நொடிக்கு 12க்கு மேல் வராது. பழைய டிடிஆர்4 என்றால் ஏழு, எட்டு. இதெல்லாம் கணக்கில் வரும் உச்சவரம்பு, நிஜத்தில் இதைவிடக் குறைவாகத்தான் பார்ப்பீர்கள், ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் பெரிதாக மாறாது. ஒவ்வொரு டோக்கனுக்கும் மாடலின் சின்னப் பகுதியை மட்டும் எழுப்பும் எம்ஓஇ வகை மாடல்களில் வெளியே வழிவதன் வலி இவ்வளவு இருக்காது. தமிழில் கேட்டுத் தமிழில் பதில் வாங்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். பெரும்பாலான மாடல்களில் ஒரு தமிழ்ச் சொல் பல டோக்கனாக உடையும், அதனால் ஆங்கிலத்தில் தாராளமாகத் தெரியும் 12 டோக்கன் தமிழில் எழுத்துக்கூட்டிப் படிப்பது மாதிரி ஆகிவிடும். 70 பில்லியன் மாடல் 4 பிட்டில் சுமார் 40 ஜிபி, அது இரண்டு கார்டிலும் அடங்காது, அதற்காக இதை வாங்காதீர்கள்.

படம் உருவாக்கும் மாடல்களில் மறுபடியும் தறிக் கதைதான், ஒரே படம் சீக்கிரம் வராது, ஆளுக்கொரு படம் வரும். டிரெயினிங்கில் இரண்டு கார்டும் பிசிஐஇ (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் வழி) வழியாக விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், எவ்வளவு லாபம் என்பது மாடலையும் போர்டையும் முறையையும் பொறுத்து ரொம்பவே மாறும், அதனால் அதற்கு எண் சொல்ல நான் துணியமாட்டேன்.

இனி, எந்தப் பட்டியலிலும் வராத செலவு. இரண்டாவது கார்டை எங்கே செருகுவீர்கள்? மதர்போர்டில் நீளமான ஸ்லாட் இரண்டு இருப்பதைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. இப்போதைய ரைசன் டெஸ்க்டாப் ப்ராசஸர் வழக்கமாக கிராபிக்ஸுக்கு 16 லேன் (தகவல் ஓடும் பாதை) தருகிறது. நடுத்தர விலை போர்டுகளில் பெரும்பாலும் 16ம் முதல் ஸ்லாட்டுக்கே போய்விடும், இரண்டாவது ஸ்லாட் சிப்செட் (போர்டிலுள்ள துணைச் சிப்) வழியாக 4 லேனில் ஓடும், சிலவற்றில் ஒரே ஒரு லேன். விலை கூடிய சில போர்டுகள்தான் அதை எட்டு, எட்டு என்று பிரிக்கும். 5060 டிஐ பிறவியிலேயே 8 லேன் கார்டு என்பதால் அப்படிப்பட்ட போர்டில் அதற்கு ஒரு குறையும் இராது. ரெண்டருக்கும், அடுக்கு பிரித்து ஓட்டும் மொழி மாடலுக்கும் 4 லேன்கூடப் போதும், காட்சி ஏறும் நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஒரு லேன் என்றால் வேண்டாம்.

சூட்டைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் பட்டிருக்கிறேன். சில வருடம் முன்னால் ஒருவருக்கு இரண்டு கார்டு போட்டு மெஷின் கட்டிக் கொடுத்தேன், கார்டுக்கும் கார்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது, டிசம்பரில் அருமையாக ஓடியது. ஏப்ரல் வந்ததும் மேல் கார்டு கீழ் கார்டு விட்ட சூட்டுக் காற்றையே இழுத்து இழுத்து, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ராத்திரியில் முடிய வேண்டிய ரெண்டர் காலையில் பாதியில் நின்றது, அன்றைக்கு அவருக்கு டெலிவரி தேதி. போர்டில் ஸ்லாட் இடைவெளியைப் பார்க்காமல் வாங்கியது முழுக்க என் தவறு. மூன்று ஸ்லாட் தள்ளி இரண்டாவது கார்டு உட்காரும் போர்டும், முன்பக்கம் நன்றாகக் காற்று வரும் கேபினெட்டும் இல்லாமல் இனி யாருக்கும் நான் இரண்டு கார்டு போட்டுத் தருவதில்லை. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) நல்ல தரத்தில் 850 வாட் எடுங்கள், ஒவ்வொரு கார்டுக்கும் தனி கேபிள் இழுங்கள், ஒரே கேபிளின் இரட்டைத் தலையை இரண்டு கார்டுக்கும் பங்கு போடாதீர்கள். வீட்டில் வைக்கும் 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும், இரண்டு கார்டும் முழு வேகத்தில் ஓடினால் அவையே அதைத் தின்றுவிடும். கரண்ட் பில்லை நினைத்துப் பயப்பட வேண்டாம். ரெண்டர் ஓடும்போது 60 வாட் வித்தியாசம், தினம் 8 மணி நேரம் என்றாலும் இரண்டு மாத பில்லில் 29 யூனிட்தான் கூடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், இன்றைக்கு 5070 டிஐ ஒன்றை வாங்குவேன். சைக்கிள்ஸில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். ஈவீ, கேம், எடிட்டிங், 16 ஜிபிக்குள் அடங்கும் மொழி மாடல் என்று மீதி எல்லாவற்றிலும் ஒற்றை கார்டு தெளிவாக முன்னால் நிற்கிறது. இரண்டு கார்டு ஜெயிப்பது ஒரே இடத்தில், 16க்கும் 32க்கும் நடுவில் இருக்கும் மாடல்களில். அதுவே உங்கள் தினசரி வேலை என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் இரண்டு 5060 டிஐ என்று சொல்லியிருப்பேன், நீங்கள் எழுதியிருப்பதோ ஆசை என்றுதான். அந்த ஆசையை முதலில் சின்ன மாடலில் இரண்டு மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். பத்தவில்லை என்று தோன்றினால் அப்போது ஒரு 5060 டிஐ 16 ஜிபியைப் பக்கத்தில் செருகிக்கொள்ளலாம். ஜோடி ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற பழைய விதி எஸ்எல்ஐயோடு போய்விட்டது, சைக்கிள்ஸும் லாமா.சிபிபியும் வேறு வேறு கார்டைச் சேர்த்தே பயன்படுத்தும், அப்போது 32 ஜிபியும் வந்துவிடும். ஆகவே எந்த கார்டு என்பதில் கொஞ்சம் தவறினாலும் பிற்பாடு சரி செய்யலாம், மதர்போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும்தான் இன்றைக்கே இரண்டு கார்டை மனதில் வைத்து எடுக்க வேண்டும்.

போர்டை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா என்று உங்கள் கேள்வியில் இல்லை. வாங்கியிருந்தால் அதன் மேனுவலில் எக்ஸ்பான்ஷன் ஸ்லாட் என்று ஒரு பகுதி இருக்கும், இரண்டாவது நீள ஸ்லாட் ப்ராசஸரிலிருந்து வருகிறதா சிப்செட்டிலிருந்தா, எத்தனை லேன், எம்.2 எஸ்எஸ்டி போட்டால் அந்த ஸ்லாட் அணைந்துவிடுமா என்று அங்கேயே எழுதியிருப்பார்கள். அதையும், நீங்கள் சைக்கிள்ஸா ஈவீயா என்பதையும் சொல்லுங்கள், போர்டை மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.